ஈய எழுத்தை வென்ற சீன விஞ்ஞானி

ஒருவர் பெரிய அறிவாளி என்று உலகம் ஒப்புக்கொண்ட பிறகு அவருக்கு மாலை போட ஆயிரம் பேர் முன்வருவார்கள். அவர் பேர் தெரியாத ஆளாக இருக்கும்போது அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஒரு நாட்டின் முன்னேற்றம், இந்தக் கேள்விக்கு அந்த நாடு சொல்லும் பதிலைப் பொறுத்து இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம், சீனாவின் கம்ப்யூட்டர் விஞ்ஞானி வாங் சுவான். பீக்கிங் பல்கலைக் கழகத்தின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராக இருந்தவர். சீனப் பத்திரிகைகளை ஈய எழுத்தின் பிடியில் இருந்து விடுவித்தவர்.

இந்த வேலையை அவர் கையில் எடுத்த ஆண்டு 1975. அப்போது அவருக்கு வயது 38. நோயாளி. வேலைக்குப் போக முடியாமல் மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தார். அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அந்தப் பல்கலைக் கழகத்திலேயே மிகச் சிலர்தான்.

அவர் எப்படி ஜெயித்தார்? ஜெயித்த பிறகு என்ன செய்தார்? இரண்டுமே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்.

7 ஆயிரம் எழுத்துகள்!

எழுத்துகளைத் தனித்தனியாகச் செய்து, கோத்து, அச்சடிக்கும் முறையை உலகுக்கு முதலில் கொடுத்தது சீனாதான். 1040-களில் பி செங் என்ற சீனர், சுட்ட களிமண்ணில் எழுத்துகள் செய்தார். ஐரோப்பாவில் குட்டன்பர்க் பிறப்பதற்கு ஏறக்குறைய 350 ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது.

அப்படிப்பட்ட சீனா, 20-ம் நூற்றாண்டில் அச்சுத் தொழிலில் பின்தங்கிவிட்டது. காரணம், அதன் எழுத்துகளின் எண்ணிக்கை.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். தமிழுக்கு 247 என்றாலும், கொம்பு, கால், விசிறி என்று குறிகளைப் பிரித்து வைத்துக்கொண்டால் கம்பாசிட்டர் நின்ற இடத்தில் நின்றே வேலையை முடித்துவிடலாம். சீன மொழியில் அது நடக்காது. ஒரு சாதாரணப் பத்திரிகைக்கே 6 ஆயிரம், 7 ஆயிரம் எழுத்துகள் வேண்டும். அத்தனையும் ஈயத்தில் வார்த்து, வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு எழுத்தையும் தேடி எடுக்க, கம்பாசிட்டர் நாள் முழுவதும் அந்த அடுக்குகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஈயம் உருகும் உலையின் சூடு. இன்னொரு பக்கம் நுரையீரலுக்குள் போகும் நச்சுப் புகை.

மேல் நாடுகளில் 1940-களிலேயே ஒளியைக் கொண்டு எழுத்து கோக்கும் யந்திரங்கள் வந்துவிட்டன. பிறகு அந்த வேலைக்குக் கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது. சீனாவிலோ ஈயமும் நெருப்பும்தான்!

கம்ப்யூட்டர் யுகத்துக்குச் சீன எழுத்து ஒத்துவராது, அதை ஒழித்துக்கட்டி ஆங்கில எழுத்துக்கு மாறுவதே வழி என்று பேசியவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை உள்ள எழுத்து, ஒரு யந்திரத்துக்குள் நுழைய முடியாத காரணத்தால் அழிந்துபோக வேண்டுமா? பிரச்சினை இதுதான்.

1974 ஆகஸ்டு மாதத்தில் சீன அரசாங்கம் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. சீன எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் கையாள வழி காண்பதே அதன் நோக்கம். ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து அதற்கு "748 திட்டம்" என்று பெயர் வைத்தார்கள்.

உடல் நலிந்த வாலிபர்

வாங் சுவான் 1937 பிப்ரவரி 5-ந் தேதி ஷாங்காய் நகரில் பிறந்தார். 1954-ல் பீக்கிங் பல்கலைக் கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தார்.

சிறப்புப் பாடம் எடுக்கும் கட்டம் வந்தது. கெட்டிக்கார மாணவர்கள் எல்லோரும் தூய கணிதத்தை நாடினார்கள். கம்ப்யூட்டருக்கு அடிப்படையான கணக்கீட்டுக் கணிதம் அப்போது புதிய துறை. ஒழுங்கான பாடப் புத்தகம்கூடக் கிடையாது. அதை எடுக்கப் பலர் தயங்கினார்கள். வாங் சுவான் அதைத்தான் எடுத்தார். நாட்டுக்கு எது தேவைப்படப் போகிறதோ அதுதான் வளரும் என்பது அவர் போட்ட கணக்கு.

1958-ல் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியர் ஆனார். கம்ப்யூட்டரை உருவாக்கும் வேலையில் இரவு பகலாக ஈடுபட்டார். சீனாவில் அது கடும் பஞ்ச காலம். அரை வயிற்று உணவும் ஓயாத உழைப்பும் சேர்ந்து, 1961-ல் அவரைப் படுக்கையில் தள்ளின. ஷாங்காய்க்குக் கொண்டுபோய்த் தாயார் வைத்தியம் பார்த்தார். உயிர் பிழைத்தார். ஆனால் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

படுக்கையில் கிடந்தபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. யந்திரத்தைக் கட்டும் வித்தை மட்டும் தெரிந்தால் போதாது, அதற்கு வேலை சொல்லிக் கொடுக்கும் "புரோகிராம்" வித்தையும் தெரிய வேண்டும் என்று அதைக் கற்கத் தொடங்கினார். ஆங்கில அறிவை வளர்க்க லண்டன் வானொலியைக் கேட்டார்.

அதுவே வினையாக முடிந்தது. 1966-ல் கலாசாரப் புரட்சி வெடித்தது. "எதிரி நாட்டு வானொலியைக் கேட்டவர்" என்று அவர்மீது குற்றம் சாட்டினார்கள். மனம் நொந்தார். நோய் திரும்பியது.

அந்த இருண்ட நாட்களில் அவருக்குத் துணையாக வந்தவர் சென் குன்ச்சியு. அதே பல்கலைக் கழகத்தில் கணிதம் படித்தவர். புரோகிராம் எழுதுவதில் தேர்ந்தவர். நோயாளி என்று தெரிந்தும் 1967-ல் அவரை மணந்துகொண்டார். பின்னாளில் வாங் சுவான் செய்த வேலையில் பாதி அந்த அம்மையாருடையது என்றால் அது மிகை அல்ல.

பஸ் காசு மிச்சம்

748 திட்டம் பற்றிய செய்தியை 1975-ல் மனைவிதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாங் சுவானுக்குப் புது உயிர் வந்தது போல் ஆயிற்று. விடுப்பில் இருக்கும் மனிதரை யாரும் அழைக்கவில்லை. யாரும் பணம் கொடுக்கவில்லை. அவராகவே ஆராய்ச்சியை ஆரம்பித்தார்.

வெளிநாட்டில் என்ன நடக்கிறது என்று அறிய, தலைநகரில் உள்ள விஞ்ஞானத் தகவல் நிலையத்துக்குப் பஸ்சில் போவார். மருத்துவ விடுப்பில் அவருக்குக் கிடைத்தது மாதம் 40 யுவான் அளவுக்குத்தான். பஸ் கட்டணத்தில் சில காசு மிச்சம் பிடிக்க, ஒரு நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி மீதி தூரத்தை நடந்து கடப்பார். பக்கங்களைப் பிரதி எடுக்கக் காசு இல்லை. கையாலேயே எழுதிக்கொள்வார். அங்கே இருந்த வெளிநாட்டுச் சஞ்சிகைகள் பலவற்றை அவருக்கு முன் ஒருவரும் தொட்டதில்லை என்பதை, கடன் வாங்கியோர் பெயர் எழுதும் அட்டை காட்டியது!

அப்படிப் படித்ததில் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. ஒளியால் எழுத்து கோக்கும் யந்திரங்கள் மூன்று தலைமுறைகளைத் தாண்டி வந்திருந்தன. ஜப்பானில் இரண்டாம் தலைமுறை யந்திரம் செல்வாக்குடன் இருந்தது. அமெரிக்காவில் மூன்றாம் தலைமுறை. நான்காம் தலைமுறை, லேசர் ஒளியால் இயங்குவது. அது அப்போது கடைக்கு வரவில்லை. இங்கிலாந்தில் ஆராய்ச்சி நிலையில் இருந்தது.

சீனாவில் இந்த வேலையில் இறங்கியிருந்த மற்றக் குழுக்கள் இரண்டாம், மூன்றாம் தலைமுறை யந்திரங்களைப் பார்த்து அவற்றைப் போலச் செய்ய முயன்றன. வாங் சுவான் வேறு விதமாக யோசித்தார். மற்றவர்கள் கைவிடப் போகும் யந்திரத்தை இப்போது செய்யத் தொடங்கினால், செய்து முடிக்கும்போது அது பழசாகிவிடும். ஆகவே இரண்டையும் தாண்டி, நேராக நான்காவதுக்குப் போவது என்று துணிந்தார்.

1,120 கோடி புள்ளிகள்

துணிவு மட்டும் போதுமா? பெரிய மலை ஒன்று குறுக்கே நின்றது.

கம்ப்யூட்டருக்குள் எழுத்து என்பது புள்ளிக் கோலம். பத்திரிகையில் செய்தி அச்சாகும் சிறிய எழுத்துக்கே குறுக்கே 100, நெடுக்கே 100 என்று 10 ஆயிரம் புள்ளிகள் வேண்டும். தலைப்பில் வரும் பெரிய எழுத்துக்கு 10 லட்சம் புள்ளிகள்கூட ஆகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 ஆயிரம் எழுத்துகள். ஒவ்வொன்றும் 10 அழகு வடிவங்களில் வேண்டும். ஒவ்வொரு வடிவமும் 16 அளவுகளில் வேண்டும். மொத்தம் 11 லட்சத்து 20 ஆயிரம் எழுத்துருவங்கள். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாகவே வைத்துக்கொண்டாலும் 1,120 கோடி புள்ளிகள்! அன்று சீனாவில் கிடைத்த கம்ப்யூட்டரின் நினைவில் இதில் ஒரு சிறு மூலைகூட அடங்காது.

வாங் சுவான் கணிதம் படித்தவர் அல்லவா? அவர் எழுத்தையே உற்றுப் பார்த்தார்.

சீன எழுத்தில் நேர்கோடுகள் அதிகம். படுக்கைக் கோடு, நிற்கும் கோடு, மடங்கும் கோடு. இவற்றின் புள்ளிகளை எல்லாம் எதற்காக நினைவில் வைக்க வேண்டும்? கோடு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு கனம், முனை எப்படி இருக்கிறது என்று சில எண்களை மட்டும் வைத்தால் போதாதா? வளைந்தும் நெளிந்தும் வரும் கோடுகளுக்கு மட்டும், அவற்றின் ஓரத்தை வரைந்து வைத்துக்கொள்வது.

தேவைப்படும்போது இந்தக் குறிப்பில் இருந்து எழுத்தை மறுபடியும் உருவாக்கலாம். பெரிதாகவும் ஆக்கலாம், சிறிதாகவும் ஆக்கலாம். கனத்தைத் தனியாகக் குறித்து வைத்திருப்பதால், அளவு மாறினாலும் எழுத்தின் அழகு கெடாது.

இந்த முறையால், எழுத்துகளுக்குத் தேவையான இடம் 500-ல் ஒரு பங்காகக் குறைந்தது!

குறிப்பில் இருந்து எழுத்தை வேகமாக உருவாக்க, அதற்கென்றே தனி மின்கருவி ஒன்றையும் வடிவமைத்தார். லேசர் யந்திரத்துக்கு எங்கே போவது? பத்திரிகைப் பக்கத்தை ஊருக்கு ஊர் அனுப்பும் யந்திரம் ஒன்றை ஹாங்சூ நகரத் தொழிற்சாலை செய்துகொண்டிருந்தது. அதில் லேசர் ஒளியைப் பொருத்தினார்கள். அதன் வேகம் போதவில்லை. ஒரு கதிருக்குப் பதில் நான்கு கதிர்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு அந்தக் குறையையும் வாங் சுவான் தீர்த்தார்.

"கணக்கு விளையாட்டு"

1975 கடைசியில் தலைநகரில் நிபுணர்கள் கூடினார்கள். தம் யோசனையை நின்று விளக்கப் போதிய பலம் வாங் சுவானிடம் இல்லை. அவருக்காக மனைவி பேசினார்.

யோசனை எடுபடவில்லை. "இது கணக்கு விளையாட்டு" என்றார்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறை யந்திரத்தையே செய்ய முடியாத நாட்டில், பேர் தெரியாத உதவி ஆசிரியர் நான்காம் தலைமுறை பற்றிப் பேசுகிறாரே என்று சிரித்தார்கள்.

இந்த இடத்தில்தான் சீனாவின் அதிர்ஷ்டம் இருந்தது. 748 திட்டத்தை நடத்திய அதிகாரிகள் சிலர், பேசுகிறவரின் பட்டத்தையும் பதவியையும் பார்க்காமல், கணக்கைப் பார்த்தார்கள். கணக்கு சரியாக இருந்தது. 1976-ல் வேலையைப் பீக்கிங் பல்கலைக் கழகத்திடம் ஒப்படைத்தார்கள்.

அந்த அதிகாரிகள் மட்டும் "பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்களே" என்று கோப்பை மூடியிருந்தால், வாங் சுவானின் கண்டுபிடிப்பு கைப்பிரதியாகவே மங்கிப் போயிருக்கும்.

முதல் பக்கம்

1979 ஜூலை 27. பல்கலைக் கழகத்தில் யந்திரம் ஓடியது. பத்திரிகை வடிவில், லேசர் ஒளியால் கோத்த முதல் சீனப் பக்கம் வெளியே வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒரு சிறு புத்தகமும் அச்சாயிற்று. அது தலைவர் டெங் சியாவோபிங்கின் கைக்குப் போனது. இந்த வேலைக்கு ஆதரவு தர வேண்டும் என்று அவர் எழுதினார்.

அத்துடன் கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. கதவு திறந்துவிட்ட நாட்டுக்குள் வெளிநாட்டுக் கம்பெனிகள் நுழைந்தன. இங்கிலாந்தின் மோனோடைப் கம்பெனி தன் யந்திரத்தைக் கொண்டுவந்து காட்டியது. உள்நாட்டு யந்திரமோ அடிக்கடி மக்கர் செய்தது. வெளிநாட்டுச் சரக்கையே வாங்கிவிடலாம் என்று பல பத்திரிகைகள் நினைத்தன. குழுவில் இருந்த சிலரும் விலகினார்கள்.

1981-ல் மாதிரி யந்திரத்துக்கு அரசாங்கம் சான்று கொடுத்தது. அதே ஆண்டில் சென் குன்ச்சியுவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்து எழுந்து மறுபடி வேலைக்கு வந்தார்.

சான்றிதழுடன் திருப்தி அடைந்து, கட்டுரை எழுதிப் பெயர் வாங்கிக்கொண்டு வாங் சுவான் ஒதுங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பத்திரிகை ஆபீசில் தினசரி ஓடாத யந்திரம், யந்திரமே அல்ல என்பது அவர் கட்சி.

பத்திரிகையின் கெடு

1987 மே 22-ந் தேதி, தலைநகரில் வெளியாகும் "பொருளாதார தினசரி" பத்திரிகையின் எல்லாப் பக்கங்களும் அவரது முறையில் கோக்கப்பட்டு வெளிவந்தன. சீன மொழியில் அதுவரை நடக்காத காரியம்.

ஆனால் ஆரம்ப நாட்களில் ஒரே குழப்பம். பிழைகள். தாமதங்கள். வாசகர்களின் கண்டனம். சில நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால் ஈய எழுத்துக்கே திரும்பிவிடுவோம் என்று பத்திரிகை கெடு வைத்தது. வாங் சுவானின் குழுவினர் விழுந்து விழுந்து வேலை செய்து குறைகளை நீக்கினார்கள். பத்திரிகை நேரத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு அந்த அச்சகம் தன் ஈய எழுத்துகளை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டது. உலை அணைந்தது!

பிறகு மற்றப் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1993-க்குள் சீனாவின் பத்திரிகைகளில் 99 சதவீதம் உள்நாட்டு லேசர் முறைக்கு மாறிவிட்டன. வெளிநாட்டுக் கம்பெனிகள் மூட்டை கட்டின. சீன எழுத்தை ஒழித்துவிட வேண்டும் என்ற பேச்சும் அடங்கியது.

கண்டுபிடித்ததை விற்கவும் பல்கலைக் கழகம் தயங்கவில்லை. அது தொடங்கிய கம்பெனி, பின்னர் "பவுண்டர்" என்ற பெயரில் பெரிதாக வளர்ந்தது.

மாணவர் சொன்ன வார்த்தை

வாங் சுவானுக்குப் பட்டங்கள் குவிந்தன. 1995-ல் யுனெஸ்கோவின் விஞ்ஞானப் பரிசு கிடைத்தது. 2001-ம் ஆண்டுக்கான சீனாவின் மிக உயர்ந்த விஞ்ஞான விருதும் அவருக்கு வந்தது. ஆனால் அவருடைய பெருமையைக் காட்டுவது இவை அல்ல. 1993-ல் நடந்த ஒரு சிறு சம்பவம்.

சீனப் புத்தாண்டு விடுமுறை. ஊரே கொண்டாட்டத்தில் இருந்தது. வாங் சுவான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து, ஒரு மின்கருவிக்கு வடிவமைப்பு வரைந்தார். விடுமுறை முடிந்ததும் மாணவர் ஒருவரிடம் அதைக் காட்டினார்.

மாணவர் பார்த்தார். இவ்வளவும் தேவை இல்லையே என்றார். இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அந்த வேலைக்கு ஒரு தனித் தடமே இருக்கிறது, அதைக் கவனித்தாலே போதும் என்று விளக்கினார்.

விடுமுறை முழுவதும் செய்த உழைப்பு வீண்!

வேறு பெரியவராக இருந்தால் முகம் சுளித்திருப்பார். "நேற்று வந்த பையன்" என்று மனத்துக்குள் கறுவியிருப்பார். வாங் சுவான் அந்த வார்த்தையைத் தமக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். புதிய கருவிகளை அறிவதில் இளைஞர்கள் தம்மைத் தாண்டிவிட்டார்கள் என்று உணர்ந்தார். 18 ஆண்டுகள் விடுமுறை இல்லாமல் உழைத்தவர், வடிவமைப்பு வேலையில் இருந்து விலகினார். பிரிவுகளின் பொறுப்பை இளைஞர்களிடம் கொடுத்தார். இளைஞர்களுக்கு வழி விடுவதே தம் வேலை என்று வைத்துக்கொண்டார்.

இதற்கு அவர் சொன்ன காரணம் மறக்கக் கூடாதது. 38 வயதில் ஆராய்ச்சியின் உச்சியில் இருந்தபோது தம் பேச்சை யாரும் மதிக்கவில்லை. 58 வயதில், முன்னணியை விட்டு விலகிய பிறகு, எல்லோரும் தம்மை மேதை என்று கொண்டாடுகிறார்கள். இது தலைகீழான வழக்கம் என்றார். ஒரு விஞ்ஞானி அடிக்கடி டெலிவிஷனில் தோன்ற ஆரம்பித்தால், அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை முடியப் போகிறது என்று அர்த்தம் என்றும் கேலியாகச் சொல்வார்.

2000-ம் ஆண்டில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டது. 2006 பிப்ரவரி 13-ந் தேதி காலமானார். வயது 69.

பாடம் என்ன?

அவருக்குப் பிறகு "பவுண்டர்" நிறுவனம் நிலம், நிதி, மருத்துவம் என்று பல தொழில்களில் கால் வைத்தது. கடன் ஏறியது. 2020-ல் கோர்ட்டின் மேற்பார்வையில் அதைச் சீரமைக்க வேண்டிய நிலை வந்தது. பணம் இருந்த இடம் ஆட்டம் கண்டது. ஆனால் வாங் சுவான் கொடுத்த வழி நிலைத்துவிட்டது. சீனப் பத்திரிகைகள் ஈயத்துக்குத் திரும்பவில்லை.

பணம் ஏராளமாக இருந்ததால் அந்த வழி பிறக்கவில்லை. புகழ் பெற்ற நிபுணர்களும் அதைக் காணவில்லை. தன் மொழியின் எழுத்தை உற்றுப் பார்க்கத் தெரிந்த ஒரு நோயாளியும், அவர் கணக்கைப் பார்க்க மறுக்காத சில அதிகாரிகளும் சேர்ந்ததால் அது பிறந்தது.

பல்கலைக் கழகங்களை நடத்துகிறவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கீழே இருக்கும் பேர் தெரியாத ஆசிரியர் ஒரு யோசனையுடன் வந்தால், முதலில் அவர் பதவியைப் பார்க்கிறோமா, கணக்கைப் பார்க்கிறோமா? நேற்று வந்த மாணவர் "இது தேவை இல்லை" என்று சொன்னால், கோபப்படுகிறோமா, நாற்காலியை நகர்த்திப் போடுகிறோமா?

முதல் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்ததால் வாங் சுவான் உயர்ந்தார். இரண்டாம் கேள்விக்கு அவரே சரியான பதிலைச் சொன்னார். தனக்குக் கிடைத்த வாய்ப்பை அடுத்தவருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். தலைவர் என்ற சொல்லுக்கு அதைவிட வேறு என்ன பொருள் வேண்டும்?